கிரீம் அக்காவுக்குச் சர்க்கரை

கேக் கடையில் எல்லோருக்கும் அவள் கிரீம் அக்கா. கிரீம் பையைப் பிழிந்து கேக்கில் பூப்போடுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. வயிற்றில் பிள்ளையோடு சர்க்கரையும் வந்திருக்கிறது என்று தெரிந்த பிறகு, விரலில் ஒட்டிய கிரீமைக்கூட அவள் நக்கியதில்லை.

"நீங்களே ருசி பாத்துச் சொல்லுங்கண்ணே" என்று கிண்ணத்தை, கேக் வேகவைக்கும் ஓவன் அண்ணனிடம் நீட்டிவிடுவாள்.

"எனக்கும் மாசம் ஏறிட்டேதான் போகுது" என்று தொப்பையைத் தடவிக்கொள்வார் அவர்.

வீட்டிலும் அளந்த சோறுதான். சாப்பிட்டதும் நடை. புருஷன் கூடவே நடப்பான். பசி தாங்காமல் அவள் அழுத அன்று கண்ணைத் துடைத்துவிட்டவனும் அவன்தான். அப்படியும் விரலைக் குத்திப் பார்த்தால் சர்க்கரை இறங்கவில்லை.

டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார். "உண்மையச் சொல்லும்மா. ஒளிச்சு ஒளிச்சு ஏதாவது சாப்பிடுறியா?"

அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். பட்ட பாட்டைப் பார்த்தவன், அவனே சொல்லட்டும்.

அவன் தன் செருப்பைப் பார்த்தபடி, "வீட்ல நான் பாத்துக்கிறேன் மேடம். கேக் கடையில என்ன பண்றாளோ, எனக்கென்ன தெரியும்?" என்றான்.

அவளுக்குச் சுருக்கென்றது. வாசலுக்கு வந்த பிறகுதான் கேட்டாள்: "ஏங்க அப்படிச் சொன்னீங்க?"

"நம்மளத் திட்டுவாங்களோன்னு பயத்துல வந்துருச்சு."

"நம்மளையா, உங்களையா?"

அன்று சாயங்காலமே மாமியார் போனில் கூப்பிட்டார். "பிள்ளைக்காகவாவது நாக்கை அடக்கக் கூடாதாம்மா?" அங்கேயும் சொல்லியிருக்கிறான்!

அடுத்த முறை அவள் தனியாகப் போனாள். டாக்டரம்மா எழுதிக்கொடுத்த இன்சுலின் ஊசியைப் போடக் கற்றுக்கொடுத்த நர்ஸ் அவளை உட்காரவைத்தாள். "இது உங்க தப்பில்லம்மா. நஞ்சுக்கொடியில சுரக்கிறது சில பேருக்கு இன்சுலினை வேலை செய்ய விடாது. எவ்வளவு கட்டுப்பாடா இருந்தாலும் ஊசி தேவைப்படலாம். அது கிடக்கட்டும், மனசு எப்படி இருக்கு?"

அதுவரை ஒருவரும் கேட்காத கேள்வி. நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு விக்கி விக்கி அழுதாள்.

ஊசியில் சர்க்கரை கட்டுக்குள் வந்தது. பெண் குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. பார்க்க வந்த தன் அம்மாவிடம் புருஷன் பூரிப்போடு சொன்னான்: "வாயைக் கட்டி எவ்வளவு கஷ்டப்பட்டா தெரியுமாம்மா! ஒரு வாய் இனிப்பு தொடல."

"இதை டாக்டர்கிட்ட சொல்லியிருக்கணும்" என்றாள் அவள்.

மாமியார் மகனையும் மருமகளையும் மாறிமாறிப் பார்த்தார். அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, பால் கொடுக்கச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.