புகைக்குக் கூடும் சம்பளம்

இலங்கை மலையகத்தின் நோர்வூட்டில், தேயிலைத் தோட்டத்து லயத்தில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்தே ஒரு வெளிநாட்டு நிறுவனத்துக்கு வேலை செய்கிறேன். ஆலைப் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிடித்து நிலத்தடியில் அடைப்பவர்களுக்கு அங்கே அரசு மானியம் தருகிறது. விலைவாசி ஏறினால் மானியமும் தானாக ஏறும். முப்பது வருடத்துக்கு விலைவாசி எந்த வேகத்தில் ஏறுமென்று ஊகித்துக் கணக்கில் போடுவது என் வேலை.

“வருடம் இரண்டு சதவீதம் போதும்” என்றார் அங்கிருக்கும் மேலாளர், தேநீருக்குச் சீனி சொல்வது போல. ஒரே வருடத்தில் கோதுமை மா விலை ஆடிய ஆட்டத்தைப் பார்த்த எனக்கு அந்த இரண்டில் நம்பிக்கை இல்லை; ஆனாலும் தட்டினேன். திரையில் மானியம் நிதானமாகப் படியேறியது.

கொழுந்து பறித்து நனைந்து வந்த அக்கா எட்டிப் பார்த்தாள்.

“என்னடா அது, வருசா வருசம் கூடிக்கிட்டே போவுது?”

“பொகைய அடைக்கக் குடுக்குற காசு, அக்கா. வெலவாசி ஏறுனா அதுவும் தானா ஏறும்.”

அவளுக்குச் சம்பளம் கூட வேண்டுமென்றால் ரோட்டில் உட்கார வேண்டும், தொழிற்சங்கங்கள் பேச வேண்டும். பேசி முடிப்பதற்குள் விலைவாசி மறுபடி ஏறிவிடும். புகையைப் பார்த்துப் பொறாமைப்பட்ட முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

அக்கா தலைத்துண்டைப் பிழிந்தபடி, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

“அந்தப் பொகைக்கு எந்தச் சங்கம்டா பேசுது?”