வெள்ளிக்கிழமை ஓடாத பாட்டுப்பெட்டி

வெள்ளிக்கிழமை காலையில் தங்கவேல் அண்ணன் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. நான் எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமையானால் அவர் எதற்குக் கூப்பிடுவார் என்று அவரோடு வேலை பார்த்த உங்களுக்கெல்லாம் தெரியும். "அப்பு, பாட்டு வரல. நெட்வொர்க் மக்கர் பண்ணுது." மறுபடியும் அடித்தது. எரிச்சலோடு எடுத்தேன். பேசியது அவர் மனைவி மரகதம் மதினி. "தம்பி, அண்ணன் போயிட்டாருப்பா."

இரங்கல் கூட்டத்தில் வாசிக்க அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தரச் சொன்னீர்கள். யோசித்துப் பார்த்தேன், சுலபமாக இல்லை. தலைமை எழுத்தராக இருந்தவரையில் ஒரு பல்பு மாற்றியதில்லை மனிதர். ஓய்வு பெற்றதும் போனில் பத்து வீடியோ பார்த்துவிட்டு ஒலி நிபுணர் ஆகிவிட்டார். சேர்த்த பாட்டையெல்லாம் ஒரு சின்னப் பெட்டியில் ஏற்றி, அதைப் பூஜை அறையில் வைத்தார். இன்வெர்ட்டர் லைன் போன பிளக் பாயிண்ட் அங்கேதான் இருந்தது. போனில் தொட்டால் வைஃபை வழியாக ஹாலில் இருக்கும் ஆம்ப்ளிஃபயருக்குப் பாட்டு வர வேண்டும். வந்தது. வெள்ளிக்கிழமை மட்டும் வராது.

எரியோட்டிலிருந்து அவருடைய சம்பந்தி வந்திருந்த அன்று நானும் இருந்தேன். பல்லவி முடிவதற்குள் பாட்டை நிறுத்தி, "பேஸ் சவுண்டு எப்படி இறங்குது பார்த்தீகளா?" என்றார் அண்ணன். அடுத்த பாட்டு, அதுவும் பாதியில். "ஒரு பாட்ட முழுசாப் போடுங்களேன்" என்றார் சம்பந்தி பாவமாக. "பாட்டு கேக்கணும்னா டீக்கடைக்குப் போங்க. இங்க சவுண்டு கேக்கணும்." சம்பந்தி எழுந்து நிஜமாகவே டீக்கடைக்குப் போய்விட்டார். நானும் கூடப் போனேன்.

பிளக்கைப் பார்த்தீர்களா என்று ஒரு தடவை கேட்டுவிட்டேன். ஏளனமாகச் சிரித்தார். "பிளக்கப் பாக்குறது வயர்மேன் வேலை அப்பு. நமக்கு ஐ.பி. அட்ரஸ்தான் முக்கியம்." வெள்ளிக்கிழமை பகல் முழுக்க எதையாவது கழற்றுவார், மாற்றுவார். சாயங்காலம் பாட்டு வந்துவிடும். கடைசியாக எதை மாற்றினாரோ அதுதான் குற்றவாளி. நன்றாக ஓடிய ரவுட்டர் ஒன்று அப்படித்தான் போனது. ஆம்ப்ளிஃபயரில் இருந்த ஒரு நீல வயரையும் பிடுங்கி என் மடியில் எறிந்தார். "செத்த வயர். நீயே வச்சுக்க." இப்படியொரு மண்டைக்கனத்தை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை.

கருமாதி முடிந்து, கூட்டம் கலைந்த பிறகு பூஜை அறையை எட்டிப் பார்த்தேன். பெட்டியின் பிளக் தரையில் கிடந்தது.

"நாந்தான் புடுங்குனேன்" என்றார் மதினி. "வெள்ளிக்கிழமை ரூமைக் கழுவி விடுவேன்ல, அதுக்குத்தான் மொதல்ல. சாயங்காலம் வெளக்கேத்திட்டுத் திருப்பி மாட்டிருவேன்."

"அவருகிட்டச் சொல்லியிருக்கலாமே, மதினி?"

"சொல்லத்தான் நெனச்சேன். ஆனா பாட்டு வரலைன்னாத்தான் அடுப்படிக்கு வந்து உக்காருவாரு. வயரத் திட்டுவாரு, ஒன்னையத் திட்டுவாரு. திட்டிக்கிட்டே வெஞ்சனத்துக்கு அவரக்கா ஆஞ்சு குடுப்பாரு. மத்த நாள்ல எங்கிட்ட எங்க பேசுனாரு, தம்பி?" தரையில் கிடந்த பிளக்கைப் பார்த்தார். "அன்னைக்கும் புடுங்குனேன். வந்து உக்காந்தாரு. ஏதோ சொல்லிக்கிட்டே இருந்தவரு, கையில காயோட அப்படியே சாஞ்சுட்டாரு."

மாட்டிவிடவா என்று பிளக்கைக் கையில் எடுத்தேன்.

"வேணாம்ப்பா. அது கெடக்கட்டும்."

அவருடையது என்று என்னிடம் இருப்பது அந்த நீல வயர்தான். இப்போது என் வீட்டில் அதன் வழியாகத்தான் பாட்டு வருகிறது. வயரில் ஒரு குறையும் இல்லை. பக்கத்து அறையில் கிடந்த பிளக்கைக் குனிந்து பார்க்காத மனிதரை, பாட்டுப் போடும்போதெல்லாம் திட்டுகிறேன். வெள்ளிக்கிழமை மட்டும் திட்ட வாய் வருவதில்லை.