நிற்கிற மேடும் இருக்கிற கதிரையும்

என் வீட்டுக்காரருக்கு உதைபந்தாட்டத்தைக் கதிரையில் உட்கார்ந்திருந்து பார்க்கப் பிடிக்காது. தொண்ணூறுகளின் நடுவில், நாட்டை விட்டு வந்து கிளென் ஈடன் என்ற வெளிநாட்டுப் புறநகரில் வாடகை வீட்டில் இருந்த காலத்தில், நான் அதை அவருடைய பிடிவாதங்களில் ஒன்று என்றே நினைத்திருந்தேன்.

குளிர்காலச் சனிக்கிழமைகளில் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பிளாஸ்கில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு புறப்படுவோம். கொஞ்சத் தூரத்தில் ஒரு சின்னக் கழகத்தின் மைதானம் இருந்தது. கோலுக்குப் பின்னால் ஒரு புல்மேடு. கூரையும் இல்லை, படியும் இல்லை. எல்லாரும் அதில் நின்றுதான் பார்ப்பார்கள். மழை பெய்தால் சறுக்கும் என்பதால் முழங்கால்வரை வரும் கம்பூட் போட்டுக்கொண்டு போவோம்.

ஊரில் கணக்காளராக இருந்தவர் இங்கே பெயின்ற் தொழிற்சாலையில் வேலை செய்தார். ஆங்கிலம் நன்றாக வாசிப்பார், வாய் திறக்கத்தான் கூச்சம். அந்த மேட்டில் மட்டும் கூச்சம் போய்விடும். பக்கத்தில் நிற்பவரிடம் ‘ஓஃப்சைட்’ என்று ஒரு சொல் சொன்னாலே பேச்சுத் தொடங்கிவிடும். ஆள் சரிவராவிட்டால் இரண்டடி தள்ளி நிற்கலாம், யாரும் தப்பாக எடுக்கமாட்டார்கள்.

அப்படித்தான் ஒரு கிழவர் எங்களோடு ஒட்டிக்கொண்டார். இங்கிலாந்தின் வடக்கிலிருந்து வந்து, பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை. கம்பளித் தொப்பியோடு எங்களுக்கு முன்னமே வந்து நிற்பார். நான் கொண்டுபோகும் மீன் ரோல்ஸை, கேட்காமலே பெட்டியைத் திறந்து எடுக்கிற அளவுக்கு உரிமை வந்துவிட்டது. பதிலுக்கு உருளைக்கிழங்குப் பொரியல் வாங்கி வந்து எங்கள் கையில் திணிப்பார்.

எனக்கு அந்த மேட்டில் ஒரே ஒரு குறைதான். வாரம் முழுக்க முதியோர் இல்லத்தில் நின்று வேலை செய்கிறவள் நான். சனிக்கிழமையும் நின்றால் கால் விண்விண்ணென்று வலிக்கும்.

ஒரு கோடையில் கழகம் மேட்டை வெட்டி, சீமெந்துப் படி கட்டி, நீலப் பிளாஸ்ரிக் கதிரைகளைப் பூட்டியது. பக்கவாட்டிலும் அப்படியே. நான் மனதுக்குள் கும்பிட்டேன்.

சீற்றுக்கு இலக்கம் போட்டிருந்தார்கள். எங்களுக்குக் கிடைத்தது ஒரு மூலை, கிழவருக்கு வேறு மூலை. முதல் ஆட்டத்தில் அவர் தொப்பியைத் தூக்கிக் காட்டினார், நாங்கள் கை காட்டினோம், அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் வீட்டுக்காரர் எழும்பி நின்றார். பின்னால் மஞ்சள் மேற்சட்டை போட்ட ஒரு தொண்டர் வந்து, தயவுசெய்து இருங்கள் என்று மரியாதையாகத்தான் சொன்னார். இவர் இருந்தார். ஆனால் மிச்ச ஆட்டம் முழுக்கத் தன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த சனிக்கிழமை புல் வெட்ட வேண்டும் என்றார். அதற்கடுத்த சனிக்கிழமை வேலியைத் திருத்த வேண்டும் என்றார்.

“என்னப்பா, மட்சுக்குப் போகேல்லையே?” என்று கேட்டேன்.

“நீர் போறதெண்டால் போம். கதிரையில இருந்து பாக்க என்னால ஏலாது.”

“காலுக்குச் சுகமெல்லே?”

“உமக்குச் சுகம்தான். நான் வேண்டாமெண்டு சொன்னனானே?”

சுத்தியலை எடுத்துக்கொண்டு வேலிப் பக்கம் போனார்.

எங்களைப்போல் வேறு ஆட்களும் வராமல் விட்டிருக்கவேண்டும். பருவம் முடிந்ததும் கழகம் ஒரு கூட்டம் கூட்டியது. கோலுக்குப் பின்னால் மறுபடி நிற்க விடலாமா என்பதுதான் கேள்வி. அவர் நிற்கிற பக்கம், நான் இருக்கிற பக்கம் என்று, இருவரும் ஒரே காரில் கூட்டத்துக்குப் போனோம். வழியில் சண்டை இல்லை. ரேடியோ கேட்டுக்கொண்டு போனோம்.

கழக மண்டபத்தில் பலர் பேசினார்கள். நிற்கிற கூட்டத்தில்தான் பாட்டு வரும் என்றார் ஒருவர். முதுகு வலிக்காரர் ஒருவர் கதிரையை எடுத்தால் தான் வரமாட்டேன் என்றார். பிறகு எங்கள் கிழவர் எழும்பினார். அவர் மேட்டுக்காகத்தான் பேசப்போகிறார் என்று நினைத்தோம். அவரோ கதிரைகள் அப்படியே இருக்கட்டும் என்றார்.

சின்ன வயதில், தன் ஊர் மைதானத்தில், சனம் நெரித்ததில் கால் நிலத்தை விட்டுக் கிளம்பிவிட்டதாம். கை இரண்டும் உடம்போடு ஒட்டி, மூச்சு எடுக்க முடியாமல், கூட்டம் கொண்டுபோன பக்கம் போனாராம். “பக்கத்தில் நின்றவரின் முகம் நீலமானதைப் பார்த்தேன். அவர் பிழைத்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது,” என்றார். இத்தனை காலம் எங்களோடு நின்றவர், இதை ஒருநாளும் சொன்னதில்லை.

அப்போது என் பக்கத்துக் கதிரை அசைந்தது. வீட்டுக்காரர் எழும்பி நின்றார். அத்தனை பேர் முன்னால் அவர் ஆங்கிலம் பேசி நான் கேட்டதே இல்லை.

“என் ஊரை ஒரு நாள் இராணுவம் சுற்றிவளைத்தது,” என்று தொடங்கினார். “ஆண்களை எல்லாம் நாங்கள் பந்தடிக்கிற மைதானத்தில் வரிசையாக நிலத்தில் இருத்தினார்கள். விடிந்ததிலிருந்து பொழுதுபடும்வரை. எழும்பின ஒருவரை அடித்தார்கள். இங்கே என்னை இருக்கச் சொன்னவர் நல்ல மனிதர். ஆனால் மைதானத்தில் இரு என்று யாராவது சொன்னால் நான் அந்த வரிசைக்கே திரும்பிப் போய்விடுகிறேன். எல்லாரும் நிற்கவேண்டும் என்று நான் கேட்கவில்லை. நிற்க ஓர் இடம் போதும்.”

அது எங்கள் கல்யாணத்துக்கு முன் நடந்தது. எனக்கும் அன்றைக்குத்தான் தெரியும். அவர் இருந்ததும் கையைப் பிடித்துக்கொண்டேன்.

கிழவர் மறுபடி எழும்பி, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். “அப்படியென்றால் அவருக்கு இடம் வேண்டும். ஆனால் இடையிடையே இரும்புக் கம்பி போடுங்கள். கொள்ளக்கூடிய ஆட்களுக்கு மேல் ஒருவரையும் விடாதீர்கள்,” என்றார். பக்கவாட்டில் கதிரைகள், கோலுக்குப் பின்னால் கம்பியோடு நிற்கும் இடம் என்று முடிவுக்கு வந்தது. கை உயர்த்தச் சொன்னபோது, கதிரைக்காக வந்த நானும் உயர்த்தினேன்.

அடுத்த பருவத்தில் நானும் கிழவரும் பக்கவாட்டில் இருந்து பார்த்தோம். இலக்கத்தையும் எடுத்துவிட்டதால் பக்கத்துப் பக்கத்துக் கதிரை. ரோல்ஸ் பெட்டி எங்கள் நடுவில். இடைவேளையில் வீட்டுக்காரர் வந்து, நின்றபடியே இரண்டைத் தின்றுவிட்டுத் திரும்பிப் போவார்.

அவரோடு நின்ற காலத்தில் நான் பந்தைத்தான் பார்த்திருக்கிறேன். இப்போது தூரத்திலிருந்து அவரைப் பார்த்தேன். எங்கள் கழக ஆட்டக்காரர் பந்தை உதைக்கும்போதெல்லாம் அவருடைய வலது காலும் காற்றில் உதைத்தது. பந்து வெளியே போனால் இரண்டு கையாலும் தலையைப் பிடித்தார். பக்கத்தில் நின்ற யாரோ அவர் முதுகில் தட்டினார்கள்.

“உன் கணவர் இன்றைக்கு நன்றாக விளையாடுகிறார்,” என்றார் கிழவர்.

திரும்பி வரும்போது காரில் கேட்டேன்.

“இண்டைக்கு நீங்கள் எத்தினை கோல் அடிச்சனீங்கள்?”

சந்தியில் காரைத் திருப்பினார்.

“ஒண்டும் போகேல்லை,” என்றார். “எல்லாம் கோல் போஸ்ற்றில பட்டிட்டுது.”