ரன்வா முகர்ந்த கை

“கையை நீட்டு” என்றாள் ரன்வா. நீட்டினேன். குனிந்து முகர்ந்தாள்.

“காலையில கருவாடு தின்னியா? போ, கழுவிட்டு வா. உன் கை உப்பு என் கணக்குல ஏறும்.”

எங்கள் ஆராய்ச்சிக் கப்பலில் அவள் முகராத கை எதுவும் தண்ணீர் பிடித்ததில்லை. ஃபாரோத் தீவுகளுக்கு வடக்கே, கடலின் அடியில் ஓடும் குளிர்நீரின் உப்பை அளப்பது அவள் வேலை. நீர் பிடிக்கும் சீசாவை அதே நீரில் மூன்று தரம் அலசச் சொல்வாள். அலசி முடித்ததும் பிடுங்கி, தானே நாலாவது தரம் அலசுவாள். தன் கல்யாணத்தன்று பாதிரியாரிடம் மாப்பிள்ளையின் பெயரைத் திரும்பச் சொல்லச் சொன்னவள் என்று எங்கள் சமையல்காரர் சொல்வார். பொய்யாக இருக்காது.

ஆழத்தில் வாயை மூடிக்கொண்டு மேலேறி வரும் பெரிய குப்பிகள்மீது, கையுறையைக் கழற்றிவிட்டு உள்ளங்கையை வைத்துப் பார்ப்பாள். விரல் விறைத்தால் அது அடிநீர். விறைக்காவிட்டால் குப்பி ஒழுகி, உப்பு கூடிய மேல்நீர் உள்ளே புகுந்துவிட்டது என்று பொருள். “மனுசன் பொய் சொல்லுவான், மெஷினும் சொல்லும். குளிருக்குப் பொய் சொல்லத் தெரியாது” என்பாள்.

இந்தப் பயணத்தில் அடிநீரின் உப்பு கூடியிருந்தது. அந்த நீர் மாறவே இல்லை என்று வருடக்கணக்காக மேடையேறிச் சொல்லி வந்தவள் ரன்வா. மாறுகிறது என்றவர்களைச் சபையில் வைத்தே கிழித்துத் தொங்கவிட்டவள். இப்போது கருவி கெட்டுவிட்டது என்றாள்; மாற்றினோம். குப்பி ஒழுகுகிறது என்றாள். கடைசியில் என் கருவாட்டுக்கு வந்து நின்றாள். எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. எண் அவள் சொல்லுக்கு ஒத்து வந்த வருடங்களில் யார் கையையாவது இப்படி முகர்ந்தாளா? அவளுடைய சந்தேக நோய் எனக்கும் தொற்றிவிட்டது.

“குப்பிய இன்னொரு தரம் இறக்கணும்” என்று கப்பல்தலைவர் துரோந்தூரிடம் போய் நின்றாள்.

“மேற்க பாரு, காத்து எழும்புது. உன் சந்தேகத்துக்கு மருந்தே கிடையாதா தாயே? இதான் கடைசி, சொல்லிட்டேன்.”

புதுக் குப்பிகளை அவளே மாட்டினாள். எங்களில் யாரையும் கிட்டே விடவில்லை. குப்பிகள் மேலே வந்ததும் உள்ளங்கையை வைத்தாள். கை சிவந்து விறைக்கும்வரை எடுக்கவில்லை. வெதுவெதுப்பாக இருந்துவிடாதா என்று அவள் ஏங்கியது முகத்திலேயே தெரிந்தது. பாவமாக இருந்தது. சீசாவை அவளே அலசி, அவளே நீர் பிடித்து, அவளே மூடியைத் திருகினாள்.

மறுநாள் அந்த நீரை அளந்தோம். அதே கூடிய உப்பு.

அவள் தன் கையை மூக்கருகே கொண்டுபோய் நிதானமாக முகர்ந்தாள். பிறகு அந்தக் கையை என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.