தெரிந்தவன் படும் பாடு

வடக்குத்து ஊர்க்காரன் பெனடிக்டுக்கு ஒரே ஒரு டைரக்டர்தான் டைரக்டர். மற்றவர்களெல்லாம் கேமராவை வாடகைக்கு எடுத்தவர்கள். அந்த ஆளின் மர்மப் படம் எது வந்தாலும் முதல் நாளே பார்த்துவிட்டு, மறுநாள் ஷிப்டுக்குப் போகும் பஸ்ஸில் எங்களுக்குச் சொல்வான். நிலக்கரி மைன்ஸில், கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் கொட்டும் மண்ணை அள்ளும் கான்ட்ராக்ட் ஆட்கள் நாங்கள். நானும் அவனும் இருபத்திரண்டு வருஷமாகச் சேர்ந்து அள்ளுகிறோம்.

“கொலகாரன் யாருன்னு மொதல்லயே நமக்குக் காட்டிடுவான்யா. அந்தப் பொண்ணுக்கு மட்டும் தெரியாது. அவனுக்கே காபி போட்டுக் குடுத்துகினு இருப்பா. நம்மளால கத்தவும் முடியாது, எழுந்து போவவும் முடியாது. அங்கதான் நிக்கிறான் அந்த ஆளு!”

போன மாதம்வரை நானும் கை தட்டியவன்தான். அப்போதுதான் சங்க ஆபீஸில் தெரிந்தவர் ஒருவர், வெளியே சொல்லாதே என்று சொல்லி, பர்மனென்ட் ஆகப்போகிறவர்களின் லிஸ்ட்டைக் காட்டினார். மருதமுத்து என்று என் பெயர் இருந்தது. பெனடிக்ட் பெயர் இல்லை. மூன்று தடவை தேடிப் பார்த்தேன்.

பர்மனென்ட் என்றதும் எங்கள் வீட்டுப் பெண்களுக்கு முதலில் நினைவு வருவது கம்பெனி தரும் குவார்ட்டர்ஸ் வீடு. பெனடிக்டின் மனைவி சவரியம்மாள் அதிலும் ஒரு படி மேலே போய்விட்டாள். ஆளில்லாத குவார்ட்டர்ஸ் ஒன்றைப் பார்த்து, இதைத்தான் கேட்டு வாங்க வேண்டும் என்று பின்பக்கம் பலாக்கன்று நட்டுவிட்டாள். ஞாயிறு பூசை முடிந்ததும் குடத்தோடு போய்த் தண்ணீர் ஊற்றுவாள். சிரிக்காதீர்கள், இவள் ஒருத்தி மட்டும் செய்கிற வேலையில்லை இது.

அதற்குப் பிறகு பஸ்ஸில் அவன் பக்கத்தில் உட்காருவதே எனக்குத் தண்டனையாகிவிட்டது. அவன் கதை சொல்லச் சொல்ல நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பேன். நடுவில் இறங்கவும் முடியாது, மைன்ஸ் கேட்டில்தான் பஸ் நிற்கும். எனக்குக் கிடைத்துவிட்டது, உனக்கு இல்லை என்று எந்த வாயால் சொல்வது?

நேற்று ஞாயிறு. சவரியம்மாள் கூப்பிட்டாள் என்று கன்றைப் பார்க்க நானும் போனேன். அவள் குழாயடிக்குப் போன நேரத்தில் பெனடிக்ட் மெதுவாகக் கேட்டான்.

“லிஸ்ட்ட பாத்துட்ட இல்ல?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“கத கேக்கறப்ப ஒன் மூஞ்சி சரியில்ல மருது. நான் ஒனக்கு முன்னாடியே பாத்துட்டேன். ஒன் பேரு இருக்கறது எனக்கு நெசமாவே சந்தோஷம்யா.” அவன் கண் குழாயடியிலேயே இருந்தது. “ரெண்டு மாசமா இவகிட்ட சொல்ல முடியல. அந்த ஆளாவது ரெண்டரை மணி நேரத்துல நம்மள வெளிய வுட்டுர்றான்.”

சவரியம்மாள் குடத்தோடு வந்தாள். தண்ணீரை ஊற்றிவிட்டு என்னிடம் திரும்பினாள்.

“அண்ணே, இவரக் கேட்டா சினிமாக் கததான் சொல்றாரு. நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. இவரு பேரு வந்துடுமில்ல?”

பெனடிக்ட் குனிந்து கன்றைச் சுற்றி மண் அணைத்துக்கொண்டிருந்தான். நிமிரவே இல்லை.

“வந்துடும்மா” என்றேன்.