முன்கூட்டியே தீர்த்த நேர்த்தி

மன்னார் ரயில் நிலையத்தில் எங்கள் அந்தோனியார் கோயில் பங்குச் சுவாமி மாலை போட வந்தபோது அண்ணா முழங்காலை மடித்துக் குனிய வேண்டியிருந்தது. அவ்வளவு உயரம். சுவாமி நுனிக்காலில் எம்பியும் மாலை ஒரு காதில் தொங்கிக்கொண்டு நின்றது. வழியனுப்ப வந்த எங்கள் ஊர்ச் சனம் கைதட்டிச் சிரித்தது. தலைமன்னாரிலிருந்து கொழும்புக்கு ரயில் ஓடிக்கொண்டிருந்த, போருக்கு முந்திய காலம் அது. அன்றைக்கு அந்த மேடையில் என்னைவிடப் பெருமைப்பட்ட தங்கை ஒருத்தி இருந்திருக்க மாட்டாள்.

பேரப்பிள்ளைகள் உள்ள வயதில் விடியற்காலை எழும்பி அமெரிக்கக் கூடைப்பந்தாட்டம் பார்க்கிறவள் இந்தத் தீவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். "மாமி பூசைக்கு எழும்புறாவோ, மட்சுக்கு எழும்புறாவோ தெரியேல்ல" என்று மருமகள் அடுப்படியிலிருந்து கேலி செய்வாள். பருவக் கடைசியில் வரும் பிளே-ஓஃப் ஆட்டங்கள் தொடங்கிவிட்டால் எனக்குத் தேநீர் ஆறுவதும் தெரியாது. அதில் எனக்குப் பிடித்த விஷயம், ஒரே எதிரணியோடு ஆடும் ஏழு ஆட்டங்களில் நான்கை வென்றால் போதும் என்பதுதான். மூன்று முறை தோற்றுத் தலைகுனிந்து போனவனும் நாலாவது நாள் நிமிர்ந்து வரலாம். அந்தக் கருணை எனக்குப் பிடிக்கும்.

ஆனால் ஆட்டங்கள் முடிந்தபின் புதிய பிள்ளைகளைத் தெரிவு செய்கிற ட்ராஃப்ட் நாள் வரும். அதை மட்டும் என்னால் ஒழுங்காகப் பார்க்க முடிவதில்லை. அதிகம் தோற்ற அணிகளுக்கே முதலில் தெரிவு செய்ய இடம் கொடுத்து, ஒவ்வொரு அணியாகப் பெயர் சொல்லுவார்கள். பெயர் வந்த பிள்ளை எழுந்து தாயைக் கட்டிப்பிடித்து, தொப்பி போட்டுக்கொண்டு மேடைக்குப் போகும். நேரம் போகப் போக, பிள்ளைகள் தாய்தகப்பனோடு காத்திருக்கிற மேசைகள் காலியாகும். பெயர் வராத ஒருவன் புதுக் கோட்டோடு தண்ணீர்ப் போத்தலைத் திருகிக்கொண்டு இருப்பான். கமரா அவனையே சுற்றிச் சுற்றி வரும். யாரோ பெற்ற பிள்ளை, எந்த ஊரோ. ஆனாலும் எனக்கு வெட்கத்தில் காது சுடும்.

அண்ணா விளையாடிப் பழகியது நகரத்துப் பள்ளிக்கூடத்தின் சீமெந்துத் தரையில். பின்னேரத்தில் அந்தச் சூட்டுக்கு ஊர்க் கழுதைகளெல்லாம் வந்து படுத்துவிடும். அவற்றைத் துரத்துவதுதான் பயிற்சியின் முதற்பகுதி. நின்ற இடத்திலிருந்து கையை நீட்டினால் பந்து வளையத்துக்குள் போய்விடும் என்று எங்கள் ஊரில் நம்பினார்கள். நானும் நம்பினேன். வடக்கில் அண்ணா ஆடிய இறுதிப் போட்டியைப் பார்க்க ஒரு கொழும்புக் கம்பெனியின் ஆள் வந்திருந்தார். தெரிவானவனுக்கு அந்தக் கம்பெனியில் சம்பளத்தோடு வேலை, அவர்களின் அணியில் இடம். அண்ணாவையும் தெரிவுக்கு வரச் சொல்லிவிட்டுப் போனார். வந்து பார் என்றுதான் சொன்னார். அது எங்களுக்கும் விளங்கியது. ஆனால் இந்த உயரத்தை யார் வேண்டாமென்பார்கள் என்பதுதான் ஊரின் கணக்கு.

அம்மா அந்தோனியாருக்கு நேர்ந்தாள். மகன் எடுபட்டால் ஊருக்கே ஆட்டிறைச்சியோடு சோறு. நேர்த்தி என்பது கேட்டது கிடைத்த பிறகு தீர்ப்பது. அது எந்தச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் காற்று மாறும் காலம் வந்துவிட்டது. காற்று மாறினால் எங்கள் ஊரில் பாதிச் சனம் வலையும் சட்டிபானையுமாக மற்றக் கரைக்கு, வாடி என்கிற ஓலைக் குடிசை போட்டு மீன்பிடித் தொழில் செய்யப் போய்விடும். திரும்பி வர மாதங்கள் ஆகும். "சனம் வாடிக்குப் போனாப் பிறகு நேர்த்திச் சோத்தை ஆருக்குப் போடுறது? காக்காய்க்கோ?" என்று அம்மா கேட்டாள். "அவசரப்படாதை. கிடைக்கட்டும்" என்றார் ஐயா. "உங்கட பிள்ளையில உங்களுக்கே நம்பிக்கை இல்லையோ?" என்று அம்மா ஒரு போடு போட்டாள். ஐயா எழும்பி ஆடு விலை பேசப் போனார். கோயில் வளவில் பந்தி வைத்தோம். நான் கறி பரிமாறிக்கொண்டே, அண்ணா கொழும்பில் எந்த நிறச் சட்டை போட்டு விளையாடுவார் என்று எல்லாருக்கும் சொன்னேன். அது என் சொந்தக் கற்பனை.

கொழும்பில் பலகைத் தரை. மணல் படிந்த சீமெந்தில் ஓடிய கால் அதில் நிற்கவில்லை. அண்ணா இரண்டு முறை வழுக்கி விழுந்தாராம். கடைசியில் எல்லாரையும் வரிசையாக நிறுத்தி, அந்தக் கம்பெனி ஆள் நடந்து வந்து, தெரிவானவர்களின் தோளில் தட்டிக்கொண்டே போனாராம். அண்ணாவைத் தட்டாமல் தாண்டும்போது அண்ணாந்து பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாராம். அந்தச் சிரிப்பைப் பற்றி அண்ணா எனக்குச் சொன்னதே பல வருடங்கள் கழித்துத்தான்.

மாலை போட்ட நிலையத்தில் இறங்க அவருக்கு முகமில்லை. முன்னமே இறங்கி, திருக்கேதீஸ்வரத்துப் பக்கமிருந்து மத்தியான வெயிலில் கடலுக்குக் குறுக்கே போட்ட தாம்போதிப் பாதையால் நடந்து வந்தார். எவ்வளவு குனிந்து நடந்தாலும் அந்த உயரத்தை எங்கே ஒளிப்பது? வீட்டுக்கு வருமுன்பே செய்தி வந்துவிட்டது.

கிழிந்த பாய்க்கும் பட்டப்பெயர் வைக்கிற ஊர் எங்களுடையது. அந்த ஊர் அண்ணாவை ஒரு சொல் கேலி செய்யவில்லை. எங்கள் வேலிப் படலையைத் தாண்டும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டு போனார்கள். கடைக்குப் போனால் கேட்காமலே முதலில் சாமான் தந்தார்கள். மரணவீட்டு மரியாதை அது. பள்ளிக்கூடத்தில் என்னிடம் ஒருத்தியும் சட்டையின் நிறம் கேட்கவில்லை; கேட்டிருந்தால் சண்டையாவது பிடித்திருப்பேன். அண்ணா வெளியே வராமலே இருந்தார். வவுனியாவில் மாமாவின் அரிசி ஆலைக்குப் போய்விடுகிறேன், இனி இந்தப் பக்கம் வரமாட்டேன் என்றார். ஐயாவும் சரி என்றுவிட்டார்.

போவதற்கு முந்திய ஞாயிறு, பூசைக்காவது வா என்று அம்மா அழுது கூட்டிப்போனாள். பூசை முடிந்து எல்லாரும் முற்றத்தில் நின்றோம். மீன் விற்கிற பெரியம்மா, வாடிக்குப் போக மூட்டை கட்டியவள், எங்களை நோக்கி நேரே வந்தாள்.

"டேய் நெட்டையா! வவுனியாவுக்குப் போறியாமே?"

அண்ணா தலையாட்டினார்.

"போ. போறதெண்டா நான் திண்ட ஆட்டைத் திருப்பித் தாறன், கொண்டு போ. எலும்பு இன்னும் வீட்டுக்குப் பின்னாலை கோடிக்குள்ளதான் கிடக்கு. எங்கட வயித்தை நிரப்பிப்போட்டு ஒரு மட்சும் காட்டாமல் ஓடுறாய், வெக்கமில்லையோடா உனக்கு?"

முற்றத்தில் நின்ற எல்லாரும் திரும்பினார்கள். சுவாமிகூட நின்றுவிட்டார். அண்ணா முகத்தைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன், சிரிப்பும் கலந்திருந்தது. அந்தப் பின்னேரம் பெரியம்மா கழுதைகளைத் துரத்திவிட்டுச் சீமெந்துத் தரையின் ஓரத்தில் சப்பாணி கட்டி உட்கார்ந்தாள். அண்ணா எறிந்த முதல் பந்து வளையத்தில் பட்டுத் தெறித்தது. ஊர் முழுக்க "ஊ" என்று கத்தியது. அவரும் சேர்ந்து கத்தினார். அரிசி ஆலைக்குப் போகவில்லை.

அம்மாவை அப்படிக் கேலி செய்ய யாருக்கும் வாய் வரவில்லை. சாமிக்கே முற்பணம் கட்டிப் பிள்ளைக்குக் கிடைக்கவிருந்ததைக் கெடுத்துப்போட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கோயிலில் அந்தோனியாரின் முகம் தெரியாதபடி தூணுக்குப் பின்னால் ஓர் இடம் பிடித்து, சாகும்வரை அங்கேயே முழங்காலில் இருந்தாள். தனக்கென்றோ எங்களுக்கென்றோ பிறகு எதையும் அவரிடம் கேட்கவில்லை. என்னுடைய பிரசவத்துக்குக்கூட. நாங்கள் அண்ணாவைத் தேற்றியதோடு எல்லாம் முடிந்ததென்று இருந்துவிட்டோம்.

இந்த முறையும் ட்ராஃப்ட் பார்க்க அண்ணா வந்திருந்தார். முழங்கால் மடிக்க முடியாமல் கதிரையில் காலை நீட்டிக்கொண்டு, "இவனை ஏன் எடுக்கேல்ல, விசரங்கள்!" என்று திட்டிக்கொண்டிருந்தார். கடைசி மேசையில் பெயர் வராத பையன். கமரா அவனுடைய முகத்தையே காட்டியது. நான் அவனுக்குப் பக்கத்தில், புது உடுப்போடு, கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்த தாயைப் பார்த்தேன். அவள் யாருக்கு என்ன நேர்ந்துவிட்டு வந்தாளோ.