பாகற்காய் வாரம்

போன வருடம், பள்ளி திறந்த புதிதில், சேலையூரில் எங்கள் வீட்டில் நடந்தது இது.

நான் கணக்கு டீச்சர். பரீட்சைக்கு முந்தின நாள் மட்டும் புத்தகத்தைத் திறக்கும் பிள்ளைகளை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவேன். ஆனால் பதினோரு வருடமாகச் சர்க்கரை உள்ள நான் செய்தது என்ன? டாக்டரிடம் போவதற்கு ஒரு வாரம் முன்பு பாகற்காய், கோதுமைக் கஞ்சி, மாடம்பாக்கம் ஏரிப்பக்கம் நடை. வெறும் வயிற்றுச் சர்க்கரை ரிப்போர்ட் வந்த மாலையே காராசேவும் மைசூர்பாகும். டாக்டர் பரவாயில்லையே என்பார், எனக்குப் பெருமை தாங்காது.

என்னிடம் பத்தாவது படித்த ஒரு பெண் இப்போது ஆராய்ச்சி மாணவி. சர்க்கரை நோய் கிட்னியை எப்படிக் கெடுக்கிறது என்று எக்சோசோம் என்று ஏதோ ஒன்றை வைத்து ஆராய்கிறாள். அதற்கு என் சிறுநீர் கேட்டாள். கூடவே, கிட்னி கெட்டிருக்கிறதா என்று பார்க்கும் வழக்கமான புரதப் பரிசோதனையும் செய்து தருவார்களாம்.  என் அண்ணனுக்குச் சர்க்கரையால் வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். அந்தப் பயத்தில்தான் இந்தப் பரிசோதனையை இத்தனை நாள் தள்ளிப்போட்டிருந்தேன். பழைய மாணவியிடம் மறுக்க வெட்கம். சரி என்று சொல்லிவிட்டுப் பாகற்காய் வாங்கக் கிளம்பினேன்.

ஏழாம் நாள் காலை வந்தாள். படிவத்தில் வழக்கமான உணவு என்ற இடத்தில் நான் பாகற்காயை எழுத, காபி கொண்டுவந்த என் கணவர் சும்மா இருக்காமல் காராசேவு கதையைப் போட்டு உடைத்துவிட்டார்.

அவள் பேனாவை மூடினாள். "நம்ம செல்லுங்க வெளிய அனுப்புற குட்டிப் பார்சல்தான் மிஸ் எக்சோசோம். கிட்னி அனுப்புறது யூரின்ல வரும். உள்ள என்ன நடக்குதுன்னு அதுலதான் தேடுறேன். ஒரு வாரம் நீங்க வேற ஆளா இருந்தா, அந்த வேற ஆளைப் பத்திதானே நான் எழுதுவேன்?"

கடைசி நாள் படித்ததற்காக இவளை ஒருமுறை வகுப்புக்கு வெளியே நிற்க வைத்திருக்கிறேன். அவளுக்கும் அதே ஞாபகம் போலிருக்கிறது. இருவரும் சிரித்துவிட்டோம். ஒரு மாதம் எப்போதும்போல் இருந்து, சாப்பிடுவதை எல்லாம் ஒரு நோட்டில் எழுதச் சொன்னாள். எழுதினேன். ஸ்டாஃப் ரூம் போண்டா, ஞாயிறு ஆராதனை முடிந்து கேக். படிக்க எனக்கே கூச்சமாக இருந்தது.

பிறகு சிறுநீரோடு, சர்க்கரை பார்க்க ரத்தமும் கொடுத்தேன். எக்சோசோம் முடிவு ஆராய்ச்சிக்கு மட்டும்தான், தனி ஆளுக்குச் சொல்ல முடியாது என்றாள். மற்றதைப் போனில் சொன்னாள்.

"சுகர்ல ஃபெயில் மிஸ். கிட்னில பாஸ்."

புரதம் கசியவே இல்லையாம். ஸ்டாஃப் ரூமில் சின்னப் பிள்ளை மாதிரி குதித்தேன். உடனே அண்ணனைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்கு ரொம்பச் சந்தோஷம். "நானும் டாக்டர்கிட்ட போற வாரம் மட்டும்தாம்மா ஒழுங்கா இருந்தேன்" என்றார்.

அடுத்த முறை எந்த ஏற்பாடும் இல்லாமல் அந்த நோட்டோடு டாக்டரிடம் போனேன். என் உண்மையான சர்க்கரையை அன்றுதான் பார்த்த அவர் மாத்திரையை மாற்றினார். இப்போது அளவு மெல்ல இறங்குகிறது. ஒரு நாள், முதலில் நோட்டில் எழுதிவிட்டு, ஒரே ஒரு துண்டு மைசூர்பாகு சாப்பிட்டேன். யாரிடமும் ஒளிக்காமல் சாப்பிட்ட அந்த ஒரு துண்டின் ருசி, பதினோரு வருடம் திருட்டுத்தனமாகச் சாப்பிட்ட எதிலும் இருந்ததில்லை.